ழகரத்திற்கு ஏன் இரண்டு ஆங்கில எழுத்து?

பாவாணர் 1944 முதல் 1956 வரை நகராட்சிக் கல்லூரியில் தமிழ் பயிற்றிய ஊர் சேலம். அதன் சூரமங்கலத்தில் இன்று தமிழிளைஞர் கணிப்பொறியில் தமிழ் எழுதுமாறு யாது? ஆங்கில எழுத்தைத் தட்டுகின்றனர். பொறி அதனைத் தமிழாக மாற்றுகின்றது. ழகரத்திற்கு இரண்டு ஆங்கில எழுத்து! ளகரமோ ஆங்கிலப் பெரிய எழுத்தை அண்டிப் பிழைக்கின்றது. தமிழெழுத்திற்கு இதனினும் இழிவுண்டோ?

பொறி மாற்றித் தருவது தவறன்று. 1999இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகையும் மாற்றியே தருகின்றது; ஆயின், தமிழ் நெறிப்படி. ககரத்தை இருமுறை தட்டின் முன்னதற்குத் தானே புள்ளியிடும். நகரத்தின்பின் தகரம் தட்டின் ‘ந்த’. மகரத்தின்பின் பகரம் தட்டின் ‘ம்ப’. மெல்லினம் தன் இனவல்லினத்தோடு மயங்கும் மெய்ம்மயக்கமன்றோ இது! உயிர் பன்னிரண்டும் இடப்பக்கம். வகர ஙகரம் நீங்கலாகத் தமிழ் மெய்கள் வலப்பக்கம். ழகரத்திற்கு ஒரே விசை.

இடர் ஒன்றுண்டு. ‘பாடடா’ என எழுதப் புகின் ‘பாட்டா’ என வந்து நிற்கும்; டகரம் இரண்டிற்கும் இடையே அகரத்தைத் தட்டல் வேண்டும். சின்னாட் பழக்கத்தில் அது கைவரும்.

தமிழாசிரியர் கணிப்பொறியறைக்குள் கால் வைக்கத் தயங்குவதாலன்றோ மாணவர் விரல் ஆங்கிலத்திற்குப் பழகுகின்றது? வரும் கல்வியாண்டின் முதற்கிழமையிலேயே அவர்கள் உள்ளே செல்க, இப்பலகையைப் பயிற்றுக.