சாவியைத் தந்து கதவைக் கழற்றுவோர்

விலை பேசி, முன்பணமும் பெற்றபின், வீட்டைக் காலி செய்கையில் சுவரில் பதித்த அலமாரியின் கதவையும் குளியலறைக் குழாயையும் கழற்றிச் செல்வோர் நம்மிடையே உளர். கேட்டால், "பத்திரத்தில் எழுதவில்லையே!" என்பர். இவ்வாதம் நாட்டுச் சட்டத்திலும் நில்லாது, ஷரீஅத்திலும் நில்லாது.

வேறு உடன்பாடு இல்லையெனில், வீட்டோடு பூட்டு, சாவி, கதவு, சன்னல் முதலாக அதன் நிலையான பயனுக்கென அமைந்த யாவும் கைமாறும் என்கிறது, 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு. அதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே இமாம் நவவி (மறைவு ஹிஜ்ரி 676) தம் 'மின்ஹாஜ்' நூலில் இதை வகுத்துவிட்டார். நிறுத்திய கதவும், ஆணியடித்த தட்டும் ஏணியும் வாங்கியவர்க்கு. வாளியும் கப்பியும் கட்டிலும் விற்றவர்க்கு. சாவி கையில் எடுத்துச் செல்லும் பொருளே. எனினும், பதித்த பூட்டைச் சார்ந்தமையால் அதுவும் வாங்கியவர்க்கே என்பது அவர் தேர்ந்த முடிவு.

ஆகவே, பத்திரத்தின் மௌனம் விற்றவருக்குத் துணையன்று. அவருக்கு எதிரான சாட்சி! மின்விசிறி போன்றவற்றில் ஐயம் எழலாம். ஐயத்துக்கு மருந்து எழுத்தே. பாட்டனார் வாங்கிய விளக்கின்மேல் பிரியமா? விலை பேசும்போதே சொல்லி விலக்கிவைக்கட்டும்; தடுப்பார் யார்?

அளவில் குறைப்போரைத் திருமறையின் 83ஆம் அத்தியாயம் கடிந்துரைக்கிறது. முழு வீட்டைக் காட்டி விலை பெற்று, குறைவீட்டை ஒப்படைப்பவர், தராசைத் தொடாமலே அளவில் குறைத்தவரன்றோ?