யாருக்குப் பொருத்தம்?

அவன் வாய் திறவான். அவள் வாய் மூடாள். ஒரு சண்டை, ஒரு மழை, முடிவில் ஒரு மாலை. மாறுபட்ட குணங்களின் காதல் கதை இதுதானாம்! நான் ஒப்பமாட்டேன்.

கொத்தமங்கலம் சுப்பு, 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதி, 1968-இல் படமாகவும் வந்த 'தில்லானா மோகனாம்பா'ளைப் பாருங்கள். சிக்கல் சண்முகசுந்தரத்துக்கு நாதஸ்வரம், மோகனாம்பாளுக்கு நாட்டியம். அங்கே மோதுவது வித்தையின் கர்வம். தோற்றால் இருவருக்குமே நஷ்டம் உண்டு.

இந்தக் கதைகளிலோ கடைசிப் பக்கத்தில் அவள் பேச்சை விடுகிறாள். அவன் அப்படியே இருக்கிறான். மேல்மடைக்காரர் நீரையெல்லாம் வாங்கிக்கொண்டு, கடைமடைக்காரரைப் பார்த்து, 'நீ இசைந்து போ' என்றால் தஞ்சை விவசாயி சும்மா இருப்பாரா? பெண் மட்டும் ஏன் இருக்கவேண்டும்?

கதாசிரியர்களே, அடுத்த கதையில் அவனைக் கொஞ்சம் பேசவையுங்கள்.