பொட்டலத்தில் விழுந்த துளை

சாரல் காலம் பிறந்துவிட்டால் தென்காசிவாசிகளுக்கு இருவகை விருந்தாளிகள் வருவார்கள். ஒருவர், குற்றால அருவியில் நீராட வரும் உறவினர். மற்றவர், அடுக்களைத் தானியத்தில் குடியேறும் வண்டார். முன்னவர் நாலு நாளில் ஊர் திரும்பிவிடுவார். பின்னவர் லேசில் புறப்படுகிறவரல்லர்.

சென்ற ஆடியில் விருந்தினருக்காகத் தட்டைப்பயறுப் பொட்டலம் ஒன்றை எடுத்தோம். வாங்கி ஒரு மாதமாகியிருந்தது, பிரிக்கவேயில்லை. ஆயினும் பாலிதீன் உறையில் குண்டூசித் தலையளவு துளைகள்! உள்ளே வண்டுகள் உலாவிக்கொண்டிருந்தன. உடனே கடைக்குச் சென்று அண்ணாச்சியைக் கடிந்துகொண்டோம். "ஸார்வாள், மில்லிலிருந்து வந்தபடியேதான் கொடுத்தேன்" என்றார் அவர். நாம் நம்பவில்லை.

வீடு திரும்பியதும் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தோம். பூச்சி எந்தப் பக்கத்திலிருந்து உறையைத் துளைக்கிறதோ, அந்தப் பக்கத்தில் கீறல்கள் இருக்கும். துளையின் வாயும் அப்பக்கமே அகன்றிருக்கும். நமது பொட்டலத்தில் கீறல்கள் உட்புறம் இருந்தன. ஆகவே வண்டு வெளியிலிருந்து புகுந்த கள்வனன்று. உள்ளேயே பிறந்த பிள்ளை!

பயறு வண்டு வயலிலேயே காயின்மீது முட்டையிடும். புழு விதைக்குள் புகுந்து வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளிப்படும். அந்த விதை உறையோடு ஒட்டியிருந்தால் உறையையும் குடைந்துவிடும்.

வெளியிலிருந்து வரும் பகைவரும் உண்டு. சிவப்பு மாவு வண்டுக்கு உறையைத் துளைக்கும் வல்லமை குறைவு. தையல் இடுக்கும் சரியாக ஒட்டாத மடிப்புமே அதற்கு வாசல். தானியத் துளைப்பானோ, தானே வாசல் செய்துகொள்ளும். காகிதமும் மெல்லிய பாலிதீனும் அதற்கு ஒரு பொருட்டன்று. பாலிப்ரொப்பிலீனும் பாலியெஸ்டரும் அவற்றினும் நன்கு தாங்கும். கோணிப்பைக்கோ, இழைக்கு இழை இடைவெளி!

உள்ளே பிறந்த பகைவனை உறை எவ்வாறு தடுக்கும்? 1980-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பர்டியூ சர்வகலாசாலையார், ஆப்பிரிக்காவின் காமரூன் நாட்டு உழவர்களின் தட்டைப்பயற்றைக் காக்க ஓர் உபாயம் கண்டனர். நெய்த சாக்கினுள் இரண்டு பாலிதீன் பைகள்; ஒவ்வொன்றையும் இறுகக் கட்டவேண்டும். உள்ளிருக்கும் பூச்சிகள் பிராணவாயுவைச் சுவாசித்துத் தீர்த்துவிட்டுத் தாமே மடியும். அடைத்த வீடே அவற்றுக்குக் கல்லறையாகிறது.

நம் பாட்டிமார் துவரைக்குச் செம்மண் கட்டினார்கள். பயற்றை வெயிலில் காயவைத்தார்கள். சாரலில் வெயிலுக்கு எங்கே போவது? குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில், பூஜ்யத்திற்குக் கீழ் 18 டிகிரி குளிரில், நான்கு நாள் வைத்தால் முட்டையும் புழுவும் மாளும். பின்னர் இறுக மூடும் டப்பாவில் கொட்டி வைத்தால் வெளிப்பகைவனுக்கும் இடமில்லை.

மறுநாள் அண்ணாச்சியிடம் சென்று நமது தவற்றை ஒப்புக்கொண்டோம். அவர் சிரித்துக்கொண்டே வேறொரு பொட்டலத்தை நீட்டினார். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பயற்றில் வட்டத்துளை உண்டா என்று பார்த்த பிறகே வாங்கினோம். பழிக்கு அஞ்சவேண்டியதுதான், அதற்காக வண்டுக்கு அஞ்சாமல் இருக்கலாமா?