பெயர் இருந்தால் போதுமா, இடம் வேண்டாமா?
கலிபோர்னியா ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஆளுநர் கேவின் நியூசம் அவர்களுக்கு,

இந்த மாநிலத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களும் படிக்கட்டும் என்று இதைத் தமிழில் எழுதுகிறேன். ஃபுட்ஹில், டி ஆன்சா, ஓலோனி என்று இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரிகளின் படியேறிப் பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் எங்களிடையே நிறைய உண்டு.

2021 அக்டோபரில் நீங்கள் கையொப்பமிட்ட ஏபி 927 சட்டத்துக்கு முதலில் நன்றி. 15 கல்லூரிகளில் மட்டும் நடத்திப் பார்க்க 2014-ல் அனுமதிக்கப்பட்ட இளங்கலைப் படிப்பை அந்தச் சட்டம்தான் நிரந்தரமாக்கியது. ஆண்டுக்கு 30 புதிய படிப்புகள் வரை தொடங்க வழியும் விட்டது. அதே சட்டத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது: கால் ஸ்டேட் எனப்படும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகமோ, யூசி எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகமோ ஏற்கெனவே நடத்தும் படிப்பைச் சமுதாயக் கல்லூரி தொடங்கக் கூடாது. நான் மன்றாடுவது அந்த நிபந்தனையைப் பற்றித்தான்.

முதலில் பணக் கணக்கு. சமுதாயக் கல்லூரியில் ஒரு யூனிட்டுக்கு, அதாவது ஒரு பாட அலகுக்கு, 46 டாலர். பட்டத்தின் மேல்நிலை வகுப்புகளுக்கு அதோடு 84 டாலர் சேர்ந்து 130 டாலர். முதல் 60 யூனிட்டுக்கு 2,760, அடுத்த 60-க்கு 7,800. ஆக மொத்தம் 10,560 டாலரில் ஓர் இளங்கலைப் பட்டம். கால் ஸ்டேட்டில் ஓராண்டுக் கட்டணமே 6,000 டாலருக்கு மேல். உதவித்தொகை பெறுபவர்களுக்குக் கட்டணம் குறையலாம். வெளியூரில் தங்கிப் படித்தால் வாடகையை யார் குறைப்பார்கள்?

குவின்சி ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். சியரா மலையில், பிளமஸ் கவுண்டியின் தலைநகர் அது. அங்கிருக்கும் ஃபெதர் ரிவர் கல்லூரிதான் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் ஒரே கல்லூரி. 2021 கோடையில் டிக்சி காட்டுத்தீ அந்தக் கவுண்டியைத் தின்றது. ஆகஸ்ட் 4 அன்று கிரீன்வில் ஊரின் கடைத்தெரு எரிந்து சாம்பலானது. தீ அடங்கியபோது ஒன்பதரை லட்சம் ஏக்கருக்கு மேல் கருகிக் கிடந்தது. அந்த மண்ணில் நின்று, காட்டை மீட்கவும் தீயை ஆளவும் சொல்லித்தரும் ஓர் இளங்கலைப் படிப்பைத் தொடங்க அந்தக் கல்லூரி முன்வந்தது. இதைவிடப் பொருத்தமான பாடமும் இடமும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கால் ஸ்டேட்டைச் சேர்ந்த கால் பாலி ஹம்போல்ட் பல்கலைக்கழகம் தானும் அதே துறையில் பட்டம் தருவதாகச் சொல்லி ஆட்சேபித்தது. சமுதாயக் கல்லூரிகளின் வேந்தர் அலுவலகம் 2023-ல் பச்சைக்கொடி காட்டிய பிறகும் சச்சரவு ஓயவில்லை.

ஹம்போல்ட் இருப்பது ஆர்காட்டாவில், கடலோரத்தில். குவின்சியிலிருந்து மலைப்பாதையில் காரோட்டினால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். கோடையில் தீயணைப்புக் குழுவில் வேலை பார்த்து, குளிர்காலத்தில் படிக்க நினைக்கும் ஒருவருக்கு, வீட்டில் சின்னக் குழந்தையும் இருந்துவிட்டால், ஆர்காட்டாவில் இருக்கும் படிப்பு இல்லாத படிப்புதான். சட்டமோ படிப்பின் பெயரை மட்டும் பார்க்கிறது. எட்டும் தூரத்தில் இருக்கிறதா, இடம் கிடைக்குமா என்று கேட்பதில்லை.

செவிலியர் படிப்பில் இந்தக் கோளாறு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. சமுதாயக் கல்லூரியில் இணைப்பட்டம் பெற்றவரும் பல்கலைக்கழகத்தில் இளங்கலை முடித்தவரும் எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் உரிமத் தேர்வு. வாங்குவது ஒரே உரிமம். இரவுப் பணியில் அடுத்தடுத்த படுக்கைகளில் ஊசி போடுகிறார்கள், ரத்த அழுத்தம் குறிக்கிறார்கள், மருத்துவரை எழுப்புகிறார்கள். ஆனால் வேலைக்கு ஆளெடுக்கும்போதும் பொறுப்பு உயர்த்தும்போதும் பல பெரிய மருத்துவமனைகள் இளங்கலைப் பட்டத்தைக் கேட்கின்றன. கால் ஸ்டேட் செவிலியர் துறைகளிலோ தகுதியுள்ளவர்களையே இடமில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். இதைச் சரிசெய்யத்தான் 2024-ல் எஸ்பி 895, ஏபி 2104 என்ற இரண்டு மசோதாக்கள் சட்டமன்றத்தைக் கடந்து உங்கள் மேசைக்கு வந்தன. சில கல்லூரி மாவட்டங்களில் மட்டும், அதுவும் சோதனை முறையில், செவிலியர் இளங்கலைக்கு அனுமதி கேட்டன. கல்வி அமைப்புகள் சேர்ந்து செயல்படுவதற்கு இது இடைஞ்சலாகும் என்று கருதி இரண்டையும் திருப்பி அனுப்பினீர்கள்.

சேர்ந்து செயல்பட வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் இடம் தரும் அதிகாரம் ஒருவர் கையிலும், காத்திருக்கும் வரிசை இன்னொருவர் வாசலிலும் இருக்கும்போது, அந்த ஒத்துழைப்பு மேலே இருப்பவர் மனம் வைத்தால்தான் நடக்கும்.

பல்கலைக்கழகங்களின் அச்சம் பொய்யென்று சொல்ல மாட்டேன். கால் ஸ்டேட்டின் இன்னொரு வளாகமான சோனோமா ஸ்டேட்டில் மாணவர் எண்ணிக்கை சரிந்து, 2025 தொடக்கத்தில் துறைகளையே மூட முடிவெடுத்ததைப் பார்த்தோம். உள்ள மாணவர்களையும் பறிகொடுத்துவிடுவோமோ என்று அவர்கள் பதறுவது இயல்பு. அந்தப் பதற்றத்துக்கு மருந்து அவர்களுக்கான நிதியில் இருக்கிறது. போக வழியில்லாத மாணவியைத் தடுப்பதால் ஆர்காட்டாவிலும் சோனோமாவிலும் ஒரு நாற்காலிகூட நிரம்பப் போவதில்லை. அவள் படிப்பை விட்டுவிடுவாள், அவ்வளவுதான்.

யூசி ஆய்வுக்கு, கால் ஸ்டேட் பட்டத்துக்கு, சமுதாயக் கல்லூரி முதல் இரண்டாண்டுக்கு என்று பாகம் பிரித்தது 1960-ன் உயர்கல்விப் பெருந்திட்டம். அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். உயர்கல்வியைச் சாமானியனின் வாசலுக்குக் கொண்டுவந்த திட்டம் அது. அதன் எல்லைக்கோட்டைக் காட்டி அதே சாமானியனைத் தடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இன்று சமுதாயக் கல்லூரிகள் 116, அவற்றில் சுமார் 20 லட்சம் மாணவர்கள். பகலில் வேலை பார்த்து மாலையில் வகுப்புக்கு வருபவர்கள் அவர்களில் ஏராளம்.

உங்கள் பதவிக்காலம் 2027 ஜனவரி வரை இருக்கிறது. அதற்குள் இரண்டு காரியங்கள் செய்யுங்கள். ஒரே படிப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது என்று ஆட்சேபிக்கும் பல்கலைக்கழகம், அந்த வட்டாரத்து மாணவர்கள் தினமும் வந்துபோகும் தூரத்தில் தன் வகுப்பு நடக்கிறது, அதில் இடமும் இருக்கிறது என்று நிரூபிக்கட்டும். முடியாவிட்டால் கல்லூரிக்கு அனுமதி தரும்படி சட்டத்தைத் திருத்துங்கள். செவிலியர் மசோதா மறுபடி உங்கள் மேசைக்கு வந்தால் கையொப்பமிடுங்கள்.

மரியாதையுடன்,
கலிபோர்னியாவில் வாழும் ஒரு தமிழ் எழுத்தாளன்