ஊசி போடலை, அதான் போச்சு! (அப்படியா சங்கதி?)

2022 நவம்பரில் கோவண்டியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தபோது, செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நம்மாட்கள் கூடின இடமெல்லாம் ஒரே வாக்கியம்தான்: "அவங்க ஊசி போடலை, அதான் போச்சு." இன்றைக்கும் பேச்சு வந்தால் அதே வாக்கியம். தீர்ப்பு எழுதி ஃபைலை மூடியாச்சு. இந்தப் பதிவு அந்த ஃபைலை மறுபடி திறக்கத்தான். கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம் படித்துவிட்டு வங்கியில் கடன் ஃபைல் புரட்டுகிற ஜாதி. ஊசிக்கு எதிரியும் இல்லை. ஒன்பதாம் மாதம் ஒன்று, ஒன்றரை வயது வாக்கில் இன்னொன்று, இரண்டும் போட்டே ஆகவேண்டும். இதில் பேரம் கிடையாது. கோவண்டியில் நிறையக் குழந்தைகளுக்கு ஊசி விட்டுப்போயிருந்தது என்பதும் உண்மை.

ஆனால் ஊசி தடுப்பது நோயை. தடுக்கத் தவறி நோய் வந்துவிட்டால், யார் பிழைப்பார் என்பதில் சாப்பாட்டுத் தட்டுக்கும் பங்கு இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் நாம் வாயே திறப்பதில்லை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை சாமி. அதே நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்திலேயே, ஊட்டக்குறைவான குழந்தைகளுக்குத் தட்டம்மை உயிருக்கே ஆபத்து என்று எழுதியிருந்தார்கள். கடிதத்தில் ஊசி பற்றியதை மட்டும் படித்துவிட்டு இதைத் தாண்டிப்போனது நாம்தான்.

நம்ம மாநிலக் கணக்கைப் பாருங்கள். தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) சொல்வது: மகாராஷ்டிராவில் ஐந்து வயதுக்குக் கீழே 100 குழந்தைகளில் 36 பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் 25 பேருக்கும் மேல். பணக்கார மாநிலம் என்று மார்தட்டுகிறோமே, அதே மாநிலம்தான்.

உடம்புக்குள் நடப்பது என்ன? கண், மூச்சுக்குழாய், குடல் எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு மெல்லிய தோல் உண்டு. தட்டம்மை வைரஸ் அதைத்தான் அரிக்கிறது. அதைப் பழுதுபார்க்க வைட்டமின் ஏ வேண்டும். காய்ச்சல் அந்த இருப்பைக் கரைக்கிறது, வாய்ப்புண்ணால் குழந்தை சாப்பிடுவதும் இல்லை. வரவு நின்று செலவு கூடினால் என்ன ஆகும்? ஓபனிங் பேலன்ஸ் இருக்கிற குழந்தை தாக்குப்பிடிக்கும். இல்லாத குழந்தைக்கு நிமோனியா, பேதி, சிலசமயம் பார்வையே போய்விடும்.

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் நடந்த ஆய்வு ஒன்று 1990ல் வெளியானது. தட்டம்மை முற்றி நிமோனியாவோ பேதியோ வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த 189 குழந்தைகள். 92 பேருக்கு வைட்டமின் ஏ கொடுத்தார்கள், 97 பேருக்கு மருந்தில்லாத போலி டோஸ். முதல் கூட்டத்தில் இறந்தது 2 பேர். இரண்டாவதில் 10 பேர். நிமோனியா தேற முதல் கூட்டத்துக்குச் சராசரி 6 நாள், மற்றவர்களுக்கு 12 நாள். அதே ஆஸ்பத்திரி, அதே நோய். இந்த மாதிரி ஒரு பேலன்ஸ் ஷீட்டை என் சர்வீஸில் பார்த்ததில்லை.

நம்மூரிலும் உண்டு. மதுரை அரவிந்த் மருத்துவமனைக் குழு திருச்சி மாவட்டத்தில் சுமார் 15,000 சிறு குழந்தைகளிடம் செய்த ஆய்வும் 1990ல்தான் வந்தது. வாராவாரம் சின்ன அளவில் வைட்டமின் ஏ கொடுத்ததில் சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. பின்னால் உத்தரப் பிரதேசத்தில் நடந்த பெரிய ஆய்வில் இவ்வளவு பலன் தெரியவில்லை. எல்லாக் குழந்தைக்கும் கொடுக்கலாமா என்ற அந்தச் சண்டை நிபுணர்கள் பாடு. ஆனால் தட்டம்மை வந்த குழந்தைக்கு அடுத்தடுத்து இரண்டு நாள், வயதுக்கேற்ற அளவில் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்கிறது.

"டெக்சஸில் செத்த பிள்ளைகள் பட்டினி கிடந்தார்களா?" என்று அமெரிக்கச் சொந்தங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2025ல் அங்கே ஊசி போடாத இரண்டு பள்ளிக் குழந்தைகள் இறந்தார்கள். அதாவது நல்ல சாப்பாடு ஊசிக்கு மாற்று ஆகாது. அதே சமயத்தில் அங்கே சில வீடுகளில் பிள்ளைகளுக்கு வைட்டமின் ஏவை அள்ளிக் கொடுத்ததில் கல்லீரல் பாதித்த அறிகுறிகளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அதனால் யாரும் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீர்கள். அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தவர் வீட்டைப் பேசினது போதும், நம்ம வீட்டுக்கு வருவோம். தாராவியானாலும் செம்பூரானாலும் நாம் ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம் ஒன்றுதான். அம்மை போட்டால் வேப்பிலை, தாளிக்காத சாப்பாடு, எண்ணெய் கூடாது, முட்டை கூடாது, வெறும் கஞ்சி. காய்ச்சல் என்றால் லங்கணம் பரம ஔஷதம். ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று பாட்டி சொன்னால் வேப்பிலை தாராளமாகக் கட்டுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் வைட்டமின் ஏ கொழுப்பில் கரைகிற சரக்கு. சொட்டு எண்ணெயோ நெய்யோ இல்லாமல் கீரையும் பப்பாளியும் கொடுத்தால் அதில் உள்ளது உடம்பில் சரியாகச் சேராது. எலும்பும் தோலுமான பிள்ளையைப் பத்து நாள் பத்தியத்தில் போட்டால் எந்த ஆத்தாவும் சந்தோஷப்பட மாட்டாள். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு அதை நிறுத்தவே கூடாது.

இப்போது ஆஸ்பத்திரிப் பக்கம். ஒரு லட்ச ரூபாய் கடன் கேட்டால்கூட முதல் பக்கத்தில் வருமானம் என்ன என்று கேட்கிறோம். காய்ச்சலோடு சேருகிற நோயாளியின் முதல் பக்கத்தில் எடை என்ன, மூன்று மாதத்தில் எவ்வளவு இறங்கியது, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று எழுதியிருக்கிறதா? சிறு குழந்தைக்கு ஒரு நாடா போதும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை, மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டக்குறைவு. ஸ்கேன் வேண்டாம், இன்சூரன்ஸ் அனுமதி வேண்டாம். ஆனாலும் பல இடங்களில் சாப்பாடு என்பது விசிட்டர் நேரத்தில் சொந்தக்காரர் கொண்டுவரும் பன்னும் இளநீரும் என்றே விட்டுவிடுகிறார்கள். ஒல்லியான பெரியவர்களுக்கு டெங்குவோ ஃப்ளூவோ வந்தாலும் இதே கதைதான்.

எனவே மகாஜனங்களே, இரண்டே வேண்டுகோள். ஒன்று: உங்கள் வீட்டில் யாரை அட்மிட் செய்தாலும் எடை பார்த்து எழுதச் சொல்லி, என்ன சாப்பாடு என்று கேளுங்கள். கேட்டால் ஒருமாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். இரண்டு: ஹார்பர் லைனில் செம்பூருக்கு அடுத்த ஸ்டேஷன் கோவண்டி. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற பெண் அங்கிருந்து வரலாம். அவரிடம் குழந்தைக்கு ஊசி போட்டாச்சா என்று கேட்கிறீர்கள் இல்லையா, நல்லது. அதோடு, குழந்தை இன்றைக்கு என்ன சாப்பிட்டது என்றும் கேளுங்கள். பதில் கேட்ட பிறகு சம்பளத்தைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள்.

அதுக்கு அப்புறமும் "அவங்க தப்பு" என்று சொல்ல மனசு வந்தால், வாருங்கள், சண்டை போடலாம்.