கருவிகள் வந்துவிட்டன, இயக்குபவர்களுக்கு நிரந்தரப் பணி எங்கே?
நானோ தொழில்நுட்ப வேலைவாய்ப்பு குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

இந்தியாவில் நானோ தொழில்நுட்பம் படித்தவர்களும் அதில் ஆய்வு செய்பவர்களும் சேர்ந்த சங்கம் எங்களுடையது. அரசு நிதியில் இயங்கும் நானோ ஆய்வகங்களில் உயர்தரக் கருவிகளை இயக்கும் பணியிடங்கள் அனைத்தும் நிரந்தரமாக்கப்பட வேண்டும். இதுவே எங்கள் முதல் கோரிக்கை.

2007இல் மத்திய அரசு நானோ மிஷனைத் தொடங்கி, ஐந்தாண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. பல்கலைக்கழகங்களுக்கு நவீனக் கருவிகள் வந்தன. மொகாலியில் நானோ அறிவியலுக்கென்றே ஒரு நிறுவனம் எழுந்தது. ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையில் நாடு உலகின் முன்வரிசைக்கு வந்தது. இவற்றை மதிக்கிறோம். ஆனால் கருவிக்குக் கிடைத்த பணம் கருவியருகே நிற்பவருக்குக் கிடைக்கவில்லை.

ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியை எடுத்துக்கொள்வோம். 3 மில்லிமீட்டர் அகலமே உள்ள செம்பு வலைத்தட்டில் ஒரு சொட்டுக் கரைசலை விட்டு உலர்த்த வேண்டும். இடுக்கியால் அதைச் சேதமின்றிப் பொருத்தி, வெற்றிடம் சீராகும்வரை காத்திருந்து, எலக்ட்ரான் கற்றையை நேர்ப்படுத்திய பிறகே அணு அடுக்குகள் கோடுகோடாகத் தெரியத் தொடங்கும். இதில் கை படிய நீண்ட காலம் பிடிக்கும். கை படிந்த நேரத்தில் இயக்குபவரின் தற்காலிக ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. அடுத்து வருபவர் ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்குகிறார். இது தனிமனிதரின் வேலை இழப்பு மட்டுமன்று, பொதுப்பணத்தின் வீணடிப்பு.

ஆட்கள் நிலைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப்பின் குழு, குடிநீரில் கலந்த பூச்சிக்கொல்லியை நானோ துகள்களால் நீக்கும் முறையை முதலில் கண்டது; ஆர்சனிக் வடிகட்டி அதற்குப் பின் வந்தது. இடையில் எத்தனை ஆண்டு உழைப்பு! மூன்றாண்டுத் திட்டத்தில் முடிகிற வேலையா அது?

இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் ஆனதை வரவேற்கிறோம். அது மாதந்தோறும் கைக்கு வர வேண்டும். நான்கு மாதம் கழித்து மொத்தமாக வரும் பணத்தை நம்பி வாடகை கட்ட முடியாது. நானோ எம்.டெக். பட்டத்தை ‘தொடர்புடைய துறை அன்று’ என வேலை விண்ணப்ப நிலையிலேயே தள்ளும் வழக்கமும் நிற்க வேண்டும். அதற்கு, இப்பட்டத்தைத் தொடர்புடைய பட்டங்களுக்கு இணையாக அறிவிக்கும் ஆணை ஒன்று போதும்.

குஜராத்தில் சிப் ஆலைகள் எழுகின்றன. தூசி புகாத தூய்மை அறைகளில் (cleanroom) பயிற்சி பெற்றவர்களை அவை தேடும். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் மும்பை ஐஐடியும் வெளி மாணவர்களுக்குத் தம் தூய்மை அறைகளில் பயிற்சி தருகின்றன. அந்த வாய்ப்பு மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் தாராளமாகக் கிடைக்க வேண்டும்.

பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்கிறோம். இளநிலையில் இயற்பியல், வேதியியல், பொருளறிவியல் என ஏதேனும் ஒன்றில் காலூன்றுங்கள். நானோவை முதுநிலையில் எடுக்கலாம். எந்தக் கல்லூரியானாலும், பணம் கட்டும் முன் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கருவியை யார் இயக்குகிறார், எத்தனை ஆண்டாக இருக்கிறார் என்று கேளுங்கள்.