வேட்டை முடிந்த நாய்க்கு வீடு உண்டா?

நாட்டு நாய் என்றாலே இப்போது எல்லோருக்கும் ஒரு பெருமை வந்துவிடுகிறது. 2005இல் அஞ்சல் துறை வெளியிட்ட நாய் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் பேசும்போது ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லிப் பாராட்டினார். எல்லாம் சரிதான். ஆனால் பாருங்கள், இந்தப் பெருமை முழுக்க குட்டி வாங்குவதோடு நின்றுவிடுகிறது. வளர்ந்து, ஓட்டம் குறைந்த நாயை யார் கேட்கிறார்கள்?

சிப்பிப்பாறையும் கன்னியும் மேல்நாட்டு கிரேஹவுண்ட், விப்பெட் மாதிரியான நாய்கள். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி, முயலைத் துரத்திப் பிடிக்கவென்றே வளர்க்கப்பட்டவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். ஆக, நாய்க்கு இருந்த வேலை போய்விட்டது, நாய் மட்டும் இருக்கிறது. கால் ஒடிந்தாலோ வயசானாலோ அவிழ்த்து விட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி தப்பு. ஆனால் முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை! டீயும் பன்னும் சாப்பிடுகிற காசு. சட்டம் பயமுறுத்தாத இடத்தில் மனிதர்கள்தான் முன்வர வேண்டும்.

முன்வந்தால் முடியும் என்பதற்கு மக்காவ் உதாரணம். அங்கே இருந்த நாய்ப் பந்தய மைதானம் 2018இல் மூடப்பட்டபோது 500க்கும் மேற்பட்ட கிரேஹவுண்டுகள் மிஞ்சின. அவற்றைப் பல நாட்டுக் குடும்பங்கள் தத்தெடுத்துக்கொண்டன. ஓடுவதற்கென்றே வளர்த்த நாய், வீட்டுக்கு வந்தால் பகலில் பெரும்பகுதி தூங்கித்தான் கழிக்கிறது. 'வேட்டை நாய் வீட்டுக்கு ஆகாது' என்கிற பேச்சு பாதி பொய்.

மீதி பாதி உண்மை. தர்மபுரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கம் கிராமங்களில் கோழியோ ஆடோ இல்லாத வீடு குறைவு. ஓடுகிற எதையும் துரத்துவது இந்த நாயின் ரத்தத்தில் இருக்கிறது. துரத்த ஆரம்பித்தால் கூப்பிட்ட குரல் காதில் விழாது. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓரம் குடியிருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். தலை குறுகலாக இருப்பதால் சாதாரண கழுத்துப்பட்டை கழன்றுவிடும், அகலமான பட்டை வேண்டும். உடம்பில் கொழுப்பு குறைவு, மார்கழிக் குளிருக்கு ஒரு சாக்காவது விரிக்க வேண்டும். விலா எலும்பு லேசாகத் தெரிவது இந்த இனத்துக்கு இயல்பு. 'சோறு போடறதில்லையா?' என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் சிரித்துவிட்டுப் போகலாம் :-) அதற்காகக் களியை மட்டும் போட்டு வளர்க்க முடியாது, முட்டை, இறைச்சி என்று ஏதாவது சேர வேண்டும். வெறிநாய்க்கடி தடுப்பூசியும் கருத்தடையும் கட்டாயம்.

கணக்குப் போட்டுப் பார்த்தாலும் வளர்ந்த நாய்தான் லாபம். குட்டிக்குக் கொடுக்கும் விலை ஒரே தடவை, ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷம் செலவு ஓடும். அந்தக் குட்டி எப்படி வளரும், குணம் எப்படி இருக்கும் என்று வாங்கும்போது யாருக்கும் தெரியாது. வளர்ந்த நாயிடம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. கோழியைப் பார்த்தால் பாய்கிறதா, குழந்தையைக் கண்டால் ஒதுங்குகிறதா என்று இரண்டு மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டே முடிவு செய்யலாம்.

எனவே கோழிப்பட்டி இல்லாத, மதில் சுவர் உள்ள வீட்டுக்காரர்கள் குட்டி தேடி அலைவதற்கு முன், கால்நடை மருத்துவரிடமோ காப்பகத்திலோ ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டும். கோழி வளர்ப்பவர்கள் இந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது. பாதியில் அவிழ்த்து விடுவதைவிட எடுக்காமல் இருப்பது மேல். நாட்டு நாய் இனம் அழியக் கூடாது என்று பேசுகிறவர்கள், பிறந்து கண் முன்னால் நிற்கிற நாயையும் அந்தக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.